ஈரற்குலையில் பிறக்கும் இரக்கம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் எங்கள் பங்கில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். நல்ல சமாரியன் உவமைக்குப் பிரசங்கம் வைத்த ஃபாதர், நாங்கள் 'பரிவு கொண்டார்' என்று வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் 'குடல் கலங்கினார்' என்ற மாதிரி ஒரு சொல் இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து அம்மம்மாவின் பழைய பைபிளை எடுத்துப் பார்த்தால் அதில் 'மனதுருகி' என்று கிடக்கிறது. குடல் எங்கே, மனம் எங்கே? ஃபாதர் சொன்னது உண்மையா, பிரசங்கத்துக்காகச் சொன்னதா?
— வாசகி, முழங்காவில்

பதில்: உண்மைதான் தங்கச்சி. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் அந்தச் சொல் 'ஸ்பிளாங்க்னிசோமாய்'. வாயில் நுழையக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் ஒரு தடவை விளங்கிவிட்டால் பிறகு அந்த இடங்களை உங்களால் பழைய மாதிரி வாசிக்க முடியாது. இந்த வினைச்சொல்லுக்குள் இருக்கிற பெயர்ச்சொல் 'ஸ்பிளாங்க்னா'. குடல் என்று சொன்னால் பாதிதான் சரி, ஏனென்றால் வெறும் குடலுக்குக் கிரேக்கர்களிடம் வேறு சொல் இருந்தது. ஸ்பிளாங்க்னா என்றால் முதலில் ஈரல், இருதயம், சுவாசப்பை, சிறுநீரகம் எல்லாம் சேர்ந்த உள்ளுறுப்புகள். எங்கள் ஊரில் இதற்கு அச்சொட்டான சொல் இருக்கிறது: ஈரற்குலை.

சின்ன வயதில் தீபாவளிக்கு முதல் நாள் விடியப்புறம் ஆட்டுப் பங்கு போடுகிற இடத்துக்கு அப்பாவோடு போவேன். வேப்பங்கொப்பில் ஆட்டைத் தொங்கவிட்டுத் தோலை உரித்து முடிந்த பிறகு மாமா ஒருவர் வயிற்றைக் கீறிக் கையை உள்ளே விட்டு ஈரற்குலையை ஒரே இழுவையில் வெளியே எடுப்பார். ஈரலும் இருதயமும் சுவாசப்பையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரு குலையாகவே வரும், மார்கழியை நோக்கிப் போகிற அந்தக் குளிரில் அதிலிருந்து ஆவி பறக்கும். கீழே தேக்கமிலைகளில் இறைச்சி பங்கு பங்காகக் குவிந்து கிடக்கும். ஆனால் கண் எல்லாம் அந்தக் குலையில்தான் இருக்கும், அது அவ்வளவு உயிராகத் தெரியும். ஸ்பிளாங்க்னா என்று முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அகராதி தேவைப்படவில்லை, அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வந்தது.

கிரேக்கர்களும் அந்தச் சொல்லைப் பலி கொடுக்கிற இடத்தில்தான் அதிகம் புழங்கினார்கள். மிருகத்தைப் பலியிட்டதும் முதலில் வெளியே எடுப்பது இதைத்தான். அதைக் கம்பியில் கோர்த்து நெருப்பில் வாட்டி, பலிபீடத்துக்குக் கிட்ட நின்றவர்கள் முதலில் சாப்பிடுவார்கள், மற்ற இறைச்சி அதற்குப் பிறகுதான். ஹோமரின் காவியங்களிலேயே இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது.

கத்தோலிக்க பைபிளில் மக்கபேயர் இரண்டாம் நூல் இருக்கிறதல்லவா, அதன் 6ஆம் அதிகாரத்தில் நாலாம் அந்தியோக்கு என்ற அரசன் யூதர்களை மாதாமாதம் தன் பிறந்தநாளில் பலியின் உள்ளுறுப்புகளைத் தின்னச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிற கதை வருகிறது. கி.மு. 167ஐ ஒட்டிய காலம். அங்கே நமது வினைச்சொல் 'பலியின் உள்ளுறுப்பைத் தின்' என்ற பொருளில்தான் நிற்கிறது, இரக்கத்தின் வாசமே இல்லை! அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் ஏழு பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுக்கிற தாய் வருகிறாள். கடைசிப் பிள்ளையிடம் அவள், ஒன்பது மாதம் உன்னை வயிற்றில் சுமந்தேன், மூன்று வருசம் பால் கொடுத்தேன் என்கிறாள். நாங்கள் பத்து மாதம் என்போம், அவள் ஒன்பது என்கிறாள், மற்றபடி எங்கள் ஊர்த் தாய் ஒருத்தி சொன்னது மாதிரியே இருக்கும். வன்னியில் இருந்துகொண்டு அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்க என்னால் இன்னும் முடிவதில்லை.

சரி, தின்கிற சொல் எப்படி இரங்குகிற சொல்லாக மாறியது? மனிதனுக்குள்ளும் அதே உறுப்புகள் இருக்கின்றனவே. பெரிய கோபமோ ஆசையோ பயமோ வந்தால் அது அங்கேதான் கிளம்புகிறது என்று கிரேக்கர்கள் நினைத்தார்கள். தாயின் கருப்பையைச் சொல்லவும் அவர்களுடைய கவிஞர்கள் இந்தச் சொல்லை எடுத்திருக்கிறார்கள். இதோடு யூதர்களின் எபிரேய மொழி வந்து சேர்கிறது. எபிரேயத்தில் 'ரெஹெம்' என்றால் கருப்பை. இரக்கத்துக்கு அவர்கள் சொல்லுகிற 'ரஹமீம்' அதே வேரில் முளைத்தது. இரண்டு பெண்கள் தன் பிள்ளை, தன் பிள்ளை என்று வழக்குக்கு வந்த ஒரு குழந்தையைச் சாலமோன் ராசா இரண்டாக வெட்டித் தரச் சொன்னபோது உண்மையான தாய் பதறிப்போய் 'பிள்ளையை அவளுக்கே குடுங்கோ' என்று சொன்னாளே, அந்த இடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது இந்த ரஹமீம்தான். அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த பழைய யூத அறிஞர்கள் சுற்றி வளைக்காமல் 'அவளுடைய கருப்பை கலங்கியது' என்றே எழுதினார்கள். யோசேப்பு தன் தம்பியைக் கண்டு அழ இடம் தேடி ஓடுகிற இடத்தில் 'அவனுடைய குடல் முறுக்கியது' என்று எழுதினார்கள். இப்படி வயிற்றால் இரங்கிப் பழகிய சனங்கள் கிரேக்கம் பேசத் தொடங்கியபோது ஸ்பிளாங்க்னா என்ற சொல்லுக்கு ஒரு புதுப் பக்கம் திறந்தது.

புதிய ஏற்பாட்டில் இந்த வினைச்சொல் 12 இடத்தில் வருகிறது. மத்தேயுவில் 5, மாற்குவில் 4, லூக்காவில் 3. யோவானிலும் இல்லை, பவுலின் கடிதங்களிலும் இல்லை. இன்னொன்றைப் பாருங்கள்: இந்த 12 இடத்திலும் அது எல்லோருக்கும் வருவதில்லை. எட்டு இடத்தில் இயேசுவுக்கு வருகிறது. மாற்கு 9:22இல், நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிற பிள்ளையின் தகப்பன் அதை இயேசுவிடம் கேட்கிறான். மிச்சம் மூன்றும் அவர் சொன்ன உவமைகளில்: கடனை மன்னிக்கிற எசமான், சமாரியன், கெட்டுப்போய்த் திரும்பி வருகிற மகனைத் தூரத்தில் கண்ட தகப்பன். சீடர்களுக்கு ஒரு தடவை கூட இந்தச் சொல் கொடுக்கப்படவில்லை.

இப்போது உங்கள் ஃபாதர் பிரசங்கம் வைத்த இடத்துக்கு வருவோம். எருசலேம் மலையில் இருக்கிறது, எரிகோ கடல் மட்டத்துக்கும் கீழே. ஆளரவம் இல்லாத இறக்கம் அந்த வழி. கள்வர் அடித்துப் போட்ட ஒருவன் அங்கே குற்றுயிராய்க் கிடக்கிறான். குருவானவர் வந்தார், கண்டார், மறுபக்கத்தால் போனார். ஆலயத்தில் பணி செய்கிற லேவியர் வந்தார், கண்டார், மறுபக்கத்தால் போனார். சமாரியன் வந்தான், கண்டான். மூன்று பேருக்கும் கண் ஒன்றுதான், கண்டதும் ஒன்றுதான். மூன்றாவது ஆளுக்குக் கண்டதற்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஒரே ஒரு சொல் விழுகிறது, நமது சொல். அது விழுந்ததும் வினைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன. கிட்டப் போகிறான், எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கிறான், காயத்தைக் கட்டுகிறான், தன் மிருகத்தில் ஏற்றுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான், பார்த்துக்கொள்கிறான், மறுநாள் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுக்கிறான். ஒரு தெனாரியம் அந்தக் காலத்துக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். போதாக்குறைக்குத் திரும்பி வரும்போது மிச்சத்தையும் தருகிறேன் என்று கணக்கு வேறு வைக்கிறான். மற்ற இடங்களையும் புரட்டிப் பாருங்கள், இந்தச் சொல்லுக்குப் பிறகு யாரோ தொடுகிறார்கள், யாரோ ஓடுகிறார்கள், யாருக்கோ சாப்பாடு கிடைக்கிறது. 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போவதற்கு இந்தச் சொல் எங்கேயும் பயன்படவில்லை. என்னைக் கேட்டால், குடல் என்ற அர்த்தத்தை விட இதுதான் பெரிய விசயம். வயிற்றைப் பிசைந்தால் மனிதன் சும்மா இருக்கமாட்டான் என்பது எங்களுக்குத் தெரியாதா?

ஒன்றை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேர் வேறு, புழக்கம் வேறு. முதலாம் நூற்றாண்டில் ஒரு கிரேக்கக்காரர் இந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஈரலையும் இருதயத்தையும் கண்முன் கண்டிருக்கமாட்டார், 'பயத்தில் ஈரற்குலை நடுங்கிச்சுது' என்று நாங்கள் சொல்லும்போது ஆட்டை நினைக்கிறோமா? அதனால் 'மனதுருகி' என்று மொழிபெயர்த்தவர்கள் பிழை விட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதேங்கோ. அவர்கள் தமிழில் எது நிற்குமோ அதை எழுதினார்கள்.

கேள்வி: மாற்கு 1:41இல் தொழுநோயாளியைக் கண்ட இயேசு இரங்கவில்லை, கோபப்பட்டார் என்று ஒரு பழைய பிரதியில் இருக்கிறதாமே? அப்படியென்றால் நாங்கள் இவ்வளவு காலம் வாசித்தது?
— வாசகர், ஆண்டாங்குளம்

பதில்: இருக்கிறது ஐயா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிற, பேசா என்ற பெயரால் அழைக்கப்படுகிற பழைய கையெழுத்துப் பிரதியில், கிரேக்கம் ஒரு பக்கமும் லத்தீன் எதிர்ப்பக்கமுமாக எழுதியிருப்பார்கள். அதில் அந்த இடத்தில் நமது சொல்லுக்குப் பதிலாகக் 'கோபங்கொண்டு' என்று இருக்கிறது. மற்றப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இரக்கம்தான். சில அறிஞர்கள் கோபம்தான் முதலில் இருந்திருக்கும் என்கிறார்கள். அவர்களுடைய நியாயம் எளிதானது: கோபத்தை இரக்கமாக மாற்றி எழுத ஆள் இருப்பான், இரக்கத்தைக் கோபமாக மாற்றி எழுத யார் இருப்பான்? அதோடு இரண்டு வசனம் தள்ளி 43இல் இயேசு அந்த ஆளைக் கண்டிப்பாக எச்சரித்து அனுப்புகிறபோது மாற்கு எடுக்கிற சொல்லும் உறுமுகிற மாதிரிச் சொல்.

நான் பெரும்பாலான பிரதிகளோடுதான் நிற்கிறேன். ஆனால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் கலங்கவேண்டாம். கி.மு. 405இல் ஏதென்ஸில் மேடையேறிய அரிஸ்டோபனீசின் 'தவளைகள்' நாடகத்தில், கொதித்துப்போய் நிற்கிற ஒருவரைப் பார்த்து, கோபத்தில் உன் ஸ்பிளாங்க்னாவைச் சூடாக்காதே என்கிற மாதிரி ஒரு வரி வருகிறது. இரக்கத்துக்கு முன்னமே அந்தக் குலை கோபத்தின் வீடாக இருந்திருக்கிறது.

தமிழில் 'வயிறு எரியுது' என்பதைக் கொஞ்சம் யோசியுங்கோ. பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அதைத்தான் சொல்லுகிறாள், அநியாயத்தைக் கண்டு கொதிக்கிறவனும் அதைத்தான் சொல்லுகிறான். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். அந்த முதல் வருசத்தில் ஒரு நாள் நானும் அந்தக் கொட்டிலில் கொஞ்ச நேரம் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா மகனின் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்தா, மழை நனைக்காமல் இருக்க. மற்றவர்கள் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்கள், அவ மடியில் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருந்தா. உறையின் விளிம்பு சேலையில் உரசி உரசி வெள்ளையாகப் போயிருந்தது. 'பத்தி எரியுது தம்பி' என்றா, அவ்வளவுதான். அது துக்கமா கோபமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டிருந்தாலும் அவ பிரித்துச் சொல்லியிருக்கமாட்டா. தொழுநோய் வந்தவனை ஊருக்கு வெளியே துரத்தி வைத்திருந்த ஒரு காலத்தில், முழங்காலில் நின்று 'நீர் விரும்பினால் என்னைச் சுத்தமாக்க முடியும்' என்று கெஞ்சினவனைக் கண்டவருக்கு வயிற்றில் எது கிளம்பியிருக்கும் என்று கேட்டால், இரண்டும் என்றுதான் நான் சொல்லுவேன். கையை நீட்டித் தொட்டார் என்பதில் எந்தப் பிரதிக்கும் சந்தேகம் இல்லை.

கேள்வி: நான் சைவன். என் மருமகள் வேதக்காரப் பிள்ளை, அவ மூலமாகத்தான் உங்கள் பகுதியை வாசிக்கிறேன். இரக்கத்தை உடம்போடு சேர்த்துச் சொல்லுகிற இந்தப் பழக்கம் எங்கள் பக்கத்திலும் இருக்கிறதா?
— வாசகர், புளியங்குளம்

பதில்: இருக்கிறது ஐயா, உங்கள் வாயிலேயே இருக்கும். 'பால்நினைந் தூட்டுந் தாயினுஞ் சாலப் பரிந்துநீ பாவியே னுடைய ஊனினை உருக்கி' என்று கோயிலில் எத்தனை தடவை பாடியிருப்பீர்கள். பிள்ளை பசியால் அழமுன்னமே நேரத்தை நினைத்துப் பால் கொடுக்கிற தாயை விட மேலாகப் பரிந்தாய் என்று மாணிக்கவாசகர் சொல்லுகிறார். உருகுவது உயிர் என்றோ அறிவு என்றோ சொல்லவில்லை, ஊன் என்கிறார், தசை.

இப்போது முதல் கேள்வி கேட்ட தங்கச்சியின் இரண்டு பைபிளையும் பக்கத்தில் வையுங்கள். கத்தோலிக்கரின் இன்றைய மொழிபெயர்ப்பில் 'பரிவு'. பழைய மொழிபெயர்ப்பில் 'மனதுருகி'. பரிந்து, உருக்கி — திருவாசகத்தின் அந்த வரிகளில் இரண்டும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் இடம் தேடினவர்கள் போய்ச் சேர்ந்த இரண்டு சொல்லும், பால் கொடுக்கிற தாயைப் பாடிய அந்த இடத்தில் முன்னமே சேர்ந்து இருந்திருக்கின்றன. தெரிந்து எடுத்தார்களா, தமிழ் தானாகவே அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டதா, எப்படியானாலும் எனக்குப் பெரிய சந்தோசம். உங்கள் மருமகளுக்கும் இதைக் காட்டுங்கோ.

இன்னொன்று. சகோதரன் என்ற சொல்லை உடைத்துப் பாருங்கள், சக, உதரம். உதரம் என்றால் வயிறு. ஒரே வயிற்றில் இருந்து வந்தவன். கிரேக்கத்தில் சகோதரனுக்கு 'அடெல்ஃபோஸ்' என்பார்கள், அதையும் உடைத்தால் ஒரே கருப்பை என்றுதான் வரும்! யோவானின் முதலாம் கடிதம் 3:17இல், கையில் வசதி உள்ளவன் தன் சகோதரனுக்கு முட்டுப்பாடு என்று கண்டும் தன் 'இருதயத்தை' அடைத்துக்கொண்டால் என்று பழைய தமிழ் பைபிள் சொல்லும். மூலத்தில் இருதயம் இல்லை, ஸ்பிளாங்க்னா. ஒரே வயிற்றில் வந்தவனைக் கண்டும் தன் வயிற்றைச் சாத்திக்கொள்கிறவன் என்று வாசித்துப் பாருங்கள், எவ்வளவு பொல்லாத வசனமாக மாறிவிடுகிறது.

பவுல் இந்த வினைச்சொல்லை எடுக்காவிட்டாலும் பெயர்ச்சொல்லை நல்லாகவே எடுத்திருக்கிறார். பிலேமோனுக்கு எழுதின ஒரு பக்கக் கடிதத்திலேயே மூன்று தடவை. ஒனேசிமு என்ற அடிமையை எசமானிடம் திருப்பி அனுப்பும்போது, சிறையில் நான் பெற்ற பிள்ளை என்று அவனைச் சொல்லிவிட்டு, 'இவன் என் ஸ்பிளாங்க்னா' என்கிறார். எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி பேரனைக் கட்டிப்பிடித்து 'என்ர குலைக்கொழுந்து' என்று கொஞ்சுகிற மாதிரித்தான் அது எனக்குக் கேட்கிறது.

கேள்வி: (முழங்காவில் வாசகியின் இரண்டாவது கடிதம்) சரி, விளங்கிவிட்டது. ஆனால் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்படிப் படிப்பிப்பது? கிரேக்கச் சொல்லை எழுதிப் போட்டால் சிரிப்பார்கள்.

பதில்: எழுதிப் போடாதேங்கோ. நயீன் ஊர் விதவையின் கதையை எடுங்கள், லூக்கா 7. ஒரே மகன். பாடை ஊர் வாசலால் வெளியே வருகிறது, பின்னால் அவள் வருகிறாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அதைப் பிள்ளைகளுக்கு வடிவாகக் காட்டுங்கோ, அந்தக் கதை முழுக்க அவள் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. இயேசு அவளைக் கண்டார், பிறகு நமது சொல், பிறகு 'அழாதே', பிறகு போய்ப் பாடையைத் தொட்டார், தூக்கினவர்கள் நின்றார்கள். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று இருந்த ஊரில் அவர் தொட்டார்.

கதையைச் சொல்லிவிட்டு அந்த ஒரு சொல்லின் இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கோ. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடமும் அப்பம்மாவிடமும் கேட்கட்டும்: இப்படி ஒரு தாயைக் கண்டால் உங்களுக்கு என்ன செய்யும் அம்மம்மா? அவர்கள் என்ன சொன்னார்களோ அதைச் சொன்னபடியே, திருத்தாமல், கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. அடுத்த ஞாயிறு ஒவ்வொரு பிள்ளையாக எழும்பி அந்த வெறும் இடத்தில் தன் அம்மம்மாவின் சொல்லைப் போட்டுக் கதையைத் திரும்ப வாசிக்கட்டும். 'வயிறு பிசையுது' என்று ஒன்று வரும், 'பெத்த வயிறு பதறுது' என்று ஒன்று வரும், 'குலை நடுங்குது' என்று வரும், நான் கேள்விப்படாத ஒன்றும் கட்டாயம் வரும். அதை எனக்கு எழுதி அனுப்புங்கோ, எந்த ஊர் அம்மம்மா சொன்னது என்றும் போட்டு.